தானாகச் செய்கிறாள்

ஜூஜுவாடி
14 ஜூன் 2024, வெள்ளி

சுவாதி அம்மாவுக்கு,

நான் பூங்கொடி. உங்கள் மகள் ஒரு வாரமாக வந்துகொண்டிருக்கும் குழந்தைகள் காப்பகத்தில், நடக்கத் தொடங்கிய பிள்ளைகளின் அறையைப் பார்த்துக்கொள்பவள். நீங்கள் காலை ஆறு மணிக்கே கம்பெனி பஸ் ஏறிவிடுவதாகவும், நைட் ஷிப்ட் முடித்து வரும் உங்கள் வீட்டுக்காரர்தான் குழந்தையைக் குளிப்பாட்டி ஏற்றிவிடுவதாகவும் ஆட்டோ திம்மராயன் சொன்னார். ஆக நாம் இருவரும் பார்த்துக்கொள்ளப் போவதில்லை. பெற்றோருக்குப் போன் செய்யக்கூடாது என்பது எங்கள் நிர்வாகத்தின் சட்டம். அதனால் வெள்ளிக்கிழமை பையில் துணிமணிக்கு அடியில் பாருங்கள். சொல்லவேண்டியது இருந்தால் என் கடிதம் இருக்கும். பதிலைத் திங்கட்கிழமை அதே பையில் வைத்து அனுப்பலாம்.

முதல் வாரம் என்றாலே இங்கே ஒப்பாரி வாரம். இந்த வேலைக்கு வந்து ஏழு வருஷத்தில் அழாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. சுவாதி அழவில்லை. சுற்றிலும் ஒன்பது பிள்ளைகள் கதறிக்கொண்டிருக்க, இவள் நடுவில் உட்கார்ந்து மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். புதன்கிழமை மதியம் கரண்ட் போய் ஜெனரேட்டர் போட்டார்கள். அது ஓடினால் பக்கத்துத் தெருவே எழுந்துவிடும். உங்கள் மகள் புரண்டுகூடப் படுக்கவில்லை. வீட்டில் என்ன மந்திரம் போட்டீர்கள் என்று எங்கள் ஆயா ஜோதியம்மாள் கேட்கச் சொன்னார்.

ஒரு வேண்டுகோள். இங்கே எதையும் பிள்ளையே செய்ய விடுவோம். சாப்பாடு ஊட்டமாட்டோம், செருப்பு மாட்டிவிடமாட்டோம். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கப் பழக்குவோம். செய்து முடித்தால் கை தட்டுவோம், அவ்வளவுதான் பரிசு. பால்புட்டிக்குப் பதில் சின்ன டம்ளர் அனுப்புங்கள். வீட்டிலும் ஊட்டாதீர்கள்.

இப்படிக்கு,
பூங்கொடி


ஓசூர்
16 ஜூன் 2024, ஞாயிறு

பூங்கொடி மிஸ்ஸுக்கு,

டம்ளர் வைத்திருக்கிறேன். ஊட்டாதீர்கள் என்றீர்களே, அது மட்டும் என்னால் முடியாது, கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் லைனில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க நின்றே வேலை. போனைக் கேட்டிலேயே வாங்கிப் பூட்டிவிடுவார்கள். ஓவர்டைம் முடித்து வீடு வந்து சேர ஏழாகிவிடும். அவள் எட்டரைக்குத் தூங்கிவிடுகிறாள். எனக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். அதில் ஒரு கிண்ணம் பருப்புச்சோறாவது என் கையால் போகட்டும் மிஸ்.

அழவில்லை என்று படித்ததும் எனக்குச் சந்தோஷமும் வந்தது, கொஞ்சம் வயிற்றெரிச்சலும் வந்தது. அம்மாவைத் தேடி ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருக்கக்கூடாதா?

மந்திரம் ஒன்றும் இல்லை. அவள் அப்பா மாதேஷ்தான் காரணம் என்று நினைக்கிறேன். அவர்கள் வீட்டில் கன்னடம் பேசுவார்கள். அந்த மனுஷன் அவளைக் குளிப்பாட்டும்போதும் தலை துவட்டும்போதும் கன்னடத்தில் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பார். "ராத்திரி மிஷின்ல என்னாச்சு தெரியுமா மகளே" என்று பதினாலு மாதக் குழந்தையிடம் ஷிப்ட் ரிப்போர்ட் கொடுப்பார். அந்தச் சத்தத்துக்குப் பழகிய பிள்ளைக்கு ஜெனரேட்டர் எல்லாம் எம்மாத்திரம்.

வினோதா


ஜூஜுவாடி
13 செப்டம்பர் 2024, வெள்ளி

சுவாதி அம்மாவுக்கு,

இந்த வாரம் நிர்வாகத்திலிருந்து பார்வையிட வந்தார்கள். யாரைக் காட்டுவது என்று நான் யோசிக்கவே இல்லை. சுவாதி தட்டை எடுத்துவந்து உட்கார்ந்து, தானே சாப்பிட்டு, தட்டைத் தொட்டியில் போட்டு, கை கழுவி, துண்டை அதன் கொக்கியில் மாட்டினாள். மாட்டிவிட்டுத் திரும்பி என் கையைப் பார்த்தாள், தட்டுகிறேனா என்று. வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து தட்டினார்கள். அவளுக்கு ஒரே சிரிப்பு.

வாயால் ஒரு வார்த்தை சொல்லவேண்டியதில்லை அவளுக்கு. நான் கையைக் காட்டினால் போதும், முகத்தைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்கிறாள். இவ்வளவு கூர்மையாகக் கவனிக்கிற பிள்ளை அபூர்வம்.

பேச்சு இன்னும் வரவில்லை என்று வருத்தப்படாதீர்கள். வீட்டில் நீங்கள் தமிழ், அவர் கன்னடம், இங்கே ஜோதியம்மாள் தெலுங்கு. எதைப் பிடிப்பது என்று பிள்ளை யோசிக்கும். இந்தப் பக்கத்தில் பாதிப் பிள்ளைகள் இப்படித்தான். போன வருஷம் ஒருவன் இரண்டரை வயதில் வாயைத் திறந்தான், இன்றுவரை மூடவில்லை.

பூங்கொடி


ஓசூர்
17 நவம்பர் 2024, ஞாயிறு

பூங்கொடி மிஸ்ஸுக்கு,

தீபாவளிக்கு என் அம்மா வீட்டுக்கு, நாகரசம்பட்டிக்குப் போயிருந்தோம். என் தம்பி மகள் சுவாதிக்கு ஒரு மாதம் இளையவள். "அத்தே, வெடி வேணாம், பயம்" என்று என் காலைக் கட்டிக்கொள்கிறாள். சுவாதி வாசலில் நின்று வெடியை வேடிக்கை பார்க்கிறாள். எல்லோரும் "உன் பொண்ணுக்குத் தைரியம்" என்றார்கள். என் அம்மா மட்டும், "பத்தொன்பது மாசமாச்சு, இன்னும் உன்ன அம்மான்னு கூப்பிடலயாடி?" என்றாள். எட்டு மாதத்தில் 'ப்பா ப்பா' என்றவள்தான். மாதேஷ் தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று தெரு முழுக்க லட்டு கொடுத்தார். அதுவும் நின்றுபோய்விட்டது.

நீங்கள் எழுதிய மாதிரி மூன்று மொழிக் குழப்பம்தான் என்றால், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் சீக்கிரம் பேசுவாளா? யோசித்துச் சொல்லுங்கள். எனக்கு உங்களை விட்டால் கேட்க ஆளில்லை.

வினோதா


ஜூஜுவாடி
22 நவம்பர் 2024, வெள்ளி

சுவாதி அம்மாவுக்கு,

நிறுத்திப் பாருங்கள். தமிழ் மட்டும் போதும். நான் ஜோதியம்மாளிடமும் சொல்லிவிட்டேன். அவர் பாவம், தமிழில் கொஞ்சத் தெரியாமல் சும்மா தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

பூங்கொடி


ஓசூர்
15 டிசம்பர் 2024, ஞாயிறு

மிஸ்,

மூன்று வாரமாகிறது. மாதேஷிடம், இனிமேல் குழந்தையிடம் கன்னடத்தில் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று சொன்னேன். முதலில் சிரித்தார். நான் விடவில்லை. அவருக்குக் கடையில் பேசும் தமிழ் வரும், சண்டை போடும் தமிழ் வரும். குழந்தையிடம் பேசும் தமிழ் வரவில்லை. "வா, உக்காரு, குளி" என்கிறார், அதோடு நின்றுவிடுகிறது. நேற்று நான் லீவு. குளிப்பாட்டுவதைப் பார்த்தேன். தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அவள் இன்னும் பேசவில்லை. பொறுத்துப் பார்க்கிறேன்.

வினோதா


ஜூஜுவாடி
21 பிப்ரவரி 2025, வெள்ளி

சுவாதி அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஜோதியம்மாள் கை வழுக்கி, எவர்சில்வர் தட்டுகள் இருபதும் சிமெண்டுத் தரையில் விழுந்தன. நானே துள்ளி எழுந்தேன். பிள்ளைகள் வீறிட்டார்கள், ஒருத்தி பாயில் ஒன்றுக்குப் போய்விட்டாள். சுவாதி முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் பஞ்சு மெத்தையில் உட்கார்ந்திருந்தாள். அவள் திரும்பவில்லை. கட்டைமேல் கட்டை வைத்துக்கொண்டிருந்தாள். எதிரே இருந்த பையன் அழுவதைப் பார்த்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

அதன் பிறகு மூன்று நாளும் அவள் பின்னால் நின்று பார்த்தேன். மணி அடித்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், சத்தமாகவும் கூப்பிட்டேன். என் நிழல் விழுந்தால் திரும்புகிறாள். நிழல் விழாவிட்டால் இல்லை.

நான் டாக்டர் இல்லை. நான் நினைப்பது தப்பாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் காது டாக்டரிடம் காட்டிவிடுங்கள். இந்த வாரமே காட்டுங்கள்.

பூங்கொடி


ஓசூர்
23 பிப்ரவரி 2025, ஞாயிறு

பூங்கொடி அவர்களுக்கு,

என் மகளைச் செவிடு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையை எழுதாமல் சாமர்த்தியமாக எழுதியிருக்கிறீர்கள்.

அவள் அப்பாவின் பைக் வந்தால் கதவுக்கு ஓடுகிறாள். நான் மிக்ஸி போட்டால் வந்து நிற்கிறாள். காது கேட்காத பிள்ளை இதெல்லாம் செய்யுமா? எட்டு மாதமாக நீங்களே எழுதினீர்கள், கெட்டிக்காரி, அபூர்வம், வந்தவர்களுக்குக் காட்டினேன் என்று. பேச்சு வராததற்கு மொழியைக் காரணம் சொன்னீர்கள். அதை நம்பி என் வீட்டுக்காரர் வாயை நான் கட்டினேன். அதுவும் பலிக்கவில்லை என்றதும் இப்போது காதைக் குறை சொல்கிறீர்கள். ஒரு வார்த்தை கற்றுக்கொடுக்க முடியாத காப்பகம் என்று நான் வெளியே சொல்லிவிடுவேன் என்ற பயமா?

நாளையிலிருந்து சுவாதி வரமாட்டாள். என் நாத்தனார் முனிலட்சுமி கெலவரப்பள்ளிப் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்கிறாள். அவள் பார்த்துக்கொள்வாள். துண்டையும் டம்ளரையும் திம்மராயனிடம் கொடுத்துவிடுங்கள்.

வினோதா


ஜூஜுவாடி
7 மார்ச் 2025, வெள்ளி

சுவாதி அம்மாவுக்கு,

துண்டும் டம்ளரும் அனுப்பியிருக்கிறேன். எத்தனை வேண்டுமானாலும் திட்டுங்கள். டாக்டரிடம் போக மனமில்லை என்றால் நீங்களே ஒரு முறை பாருங்கள். அவளைக் கட்டிலில் உட்கார வையுங்கள், தரையில் வேண்டாம், தரை அதிர்ந்தால் காலில் தெரிந்துவிடும். பைக் வரும்போது ஓடுவது அதனாலும் இருக்கலாம். நீங்கள் பின்னால் நில்லுங்கள். நிழல் விழவேண்டாம். ஒரு தட்டைக் கீழே போடுங்கள்.

பூங்கொடி


ஜூஜுவாடி
25 ஏப்ரல் 2025, வெள்ளி

சுவாதி அம்மாவுக்கு,

பதில் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை திம்மராயனிடம் வழி கேட்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்கள் வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "அவ இல்லீங்க" என்றார். உள்ளே உங்கள் செருப்பு இருந்தது. அவருக்குப் பின்னால் சுவாதி நின்றாள். என்னைப் பார்த்ததும் ஓடிப்போய்த் தன் செருப்பை எடுத்து, தானே மாட்டிக்கொண்டு, என் கையைப் பார்த்தாள். நான் தட்டினேன். அவர் கதவைச் சாத்திவிட்டார்.

நிர்வாகத்தில் கேட்டேன். பெற்றோர் சம்மதம் இல்லாமல் நாம் ஒன்றும் செய்யமுடியாது, அந்தக் குழந்தையும் இப்போது நம்மிடம் இல்லை என்றார்கள். நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? அவளுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. இந்த வயதில் போகிற நாள் திரும்ப வராது வினோதா.

பூங்கொடி


ஓசூர்
20 ஜூலை 2025, ஞாயிறு

பூங்கொடி மிஸ்ஸுக்கு,

நீங்கள் சொன்னது சரி. இரண்டு காதும்.

போன மாதம் ரோஜாத் தோட்டத்தில் டிராக்டர் பின்னால் வந்துகொண்டிருந்தது. சுவாதி பாதையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, உதிர்ந்த இதழ்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அன்று எனக்கு லீவு, நானும் மாதேஷும் வரப்பில் நின்றோம். நான் தமிழில் கத்தினேன். அவரும் முனிலட்சுமியும் கன்னடத்தில் கத்தினார்கள். தோட்டத்து ஆட்கள் தெலுங்கில் கத்தினார்கள். மூன்று மொழியிலும் கத்தினோம் மிஸ். அவள் திரும்பவில்லை. டிரைவர் மதுரைவீரன் எங்கள் சத்தம் கேட்டு பிரேக் அடித்தான். சக்கரத்துக்கும் அவளுக்கும் ஒரு சாண் இருந்தது.

எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அதன் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருந்து கொடுத்துத் தூங்க வைத்து, தலையில் ஒயர் ஒட்டி டெஸ்ட் எடுத்தார்கள். நாள் முழுக்க ஒயரோடு பழகுகிறவள் நான். அந்த நாலு ஒயரைப் பார்க்க முடியவில்லை.

முதலில் காது மெஷின் மாட்டிப் பார்ப்பார்களாம், போதாவிட்டால் ஆபரேஷனாம். எல்லாவற்றுக்கும் வரிசை. "எப்பம்மா தெரிஞ்சுது?" என்று டாக்டர் கேட்டார். "போன மாசந்தான் சார்" என்றேன்.

பொய் மிஸ். உங்கள் மார்ச் மாதக் கடிதம் வந்த அடுத்த ஞாயிறு, மாதேஷ் கடைக்குப் போயிருந்தபோது, கட்டிலில் உட்கார வைத்து, பின்னால் நின்று தட்டைப் போட்டேன். மூன்று முறை போட்டேன். மூன்றாவது முறை பக்கத்து வீட்டுக்காரி வந்து "என்னாத்துக்குக்கா இப்படிப் போட்டு ஒடைக்கற?" என்று கேட்டாள். சுவாதி திரும்பவில்லை. நான் தட்டைக் கழுவி அடுக்கில் கவிழ்த்துவிட்டு, யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயந்தேன். அந்த மனுஷன் வாயை வீணாகக் கட்டியது வெளியே வந்துவிடும் என்றும் பயந்தேன். நாலு மாதம் சும்மா இருந்தேன். நீங்கள் வீட்டுக்கு வந்த அன்று நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன்.

இதை மாதேஷிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

உங்கள் கடிதங்களை எல்லாம் பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தேன். பிப்ரவரிக்கு முன்னால் வந்தவற்றை மட்டும் டாக்டரிடம் காட்டினேன், குழந்தை எப்படி வளர்ந்தாள் என்று தெரியட்டும் என்று. அவர் ஜெனரேட்டர் கடிதத்தையும், முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்கிறாள் என்ற கடிதத்தையும் படித்தார். படித்துவிட்டு, "எல்லாம் இதுலயே இருக்கேம்மா" என்றார்.

எத்தனை மொழி பேசினாலும் காது கேட்கிற பிள்ளை பேசிவிடும் என்றார். இனி நீங்கள் எந்த மொழியிலாவது பேசுங்கள், முகத்துக்கு நேராகப் பேசுங்கள், நிறையப் பேசுங்கள் என்றார். வீட்டுக்கு வந்ததும் மாதேஷிடம், பழையபடி கன்னடத்திலேயே பேசுங்கள் என்று கெஞ்சினேன். "ஈக யாரிகே ஹேளலி?" என்றார். இனி யாருக்குச் சொல்ல, என்று அர்த்தம். எனக்கு அந்த அளவுக்குக் கன்னடம் புரியும்.

வினோதா


ஜூஜுவாடி
1 ஆகஸ்ட் 2025, வெள்ளி

வினோதாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் காப்பகத்தின் பின்கட்டில் நின்று படித்தேன். ஜோதியம்மாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நீங்கள் மறைத்தது நாலு மாதம். நான் கண்ணால் பார்த்துக்கொண்டே மறந்தது எட்டு மாதம். எனக்கு டிரெயினிங்கில் சொல்லிக்கொடுத்த பட்டியலில் முதல் வரியே, சத்தத்துக்குத் திரும்புகிறதா என்பதுதான். பத்துப் பிள்ளைகளில் ஒன்பது அழும்போது, அழாத ஒன்று எனக்கு வரமாக இருந்தது. என் வேலை குறைந்தது, அதற்குக் கெட்டிக்காரி என்று பெயர் வைத்தேன். அந்தப் பிள்ளை கூப்பிடத் தெரியாமல்தான் எல்லாவற்றையும் தானாகச் செய்தது. நான் கை தட்டினேன்.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவளைத் திரும்ப என் அறையில் சேர்க்கக் கேட்டேன். மெஷின் மாட்டிய பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நமக்குப் பயிற்சி பெற்ற ஆள் இல்லை, ஏதாவது ஆகிவிட்டால் பொறுப்பு யார் என்றார்கள். நான் என்று சொன்னேன். அது எழுத்தில் வராது என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வரட்டுமா? வந்து முகத்துக்கு நேராக உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பேன். அது ஒன்றுதான் என்னால் முடியும்.

பூங்கொடி


ஓசூர்
5 அக்டோபர் 2025, ஞாயிறு

மிஸ்,

இன்று நீங்கள் வரவில்லை, காய்ச்சல் என்று திம்மராயன் சொன்னார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் இல்லாத ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பொழுது ஓடவில்லை.

வியாழக்கிழமை மெஷின் கொடுத்தார்கள், இரண்டு காதுக்கும். தூங்கும் நேரம் தவிர எப்போதும் போட்டிருக்கவேண்டுமாம். கழற்றவிடக்கூடாது, எவ்வளவு நேரம் போடுகிறாளோ அவ்வளவு நல்லது என்று மெஷினைப் பொருத்திய அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். மாட்டியதும் மாதேஷ் அவள் முன்னால் மண்டி போட்டு, "பா மகளே, பா" என்றார், வா மகளே வா என்று. பத்து மாதம் கழித்து அவளிடம் அவர் கொஞ்சிப் பேசிய கன்னடம். அவள் முகம் சுருங்கியது. கேட்டதா, கூச்சமாக இருந்ததா, எங்களுக்குத் தெரியவில்லை. ஒன்றும் தெரியவில்லை மிஸ்.

வீட்டில் மாட்டிவிட்டால் ஐந்து நிமிடம். அழமாட்டாள், பிடுங்கி எறியமாட்டாள். மெதுவாக ஒரு காதிலிருந்து கழற்றுகிறாள். அடுத்ததைக் கழற்றுகிறாள். அலமாரியில் அதன் சின்ன டப்பா எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். போய் எடுத்து, இரண்டையும் அதன் பள்ளத்தில் சரியாக வைத்து, மூடியை அழுத்தி மூடுகிறாள். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தானே. வைத்துவிட்டுத் திரும்பி நின்று என் கையைப் பார்க்கிறாள்.

இன்றைக்கு மட்டும் பதினோரு தடவை மாட்டினேன். பதினோரு தடவையும் எடுத்து வைத்துவிட்டு, சிரித்த முகத்தோடு என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் தட்டினேன் மிஸ். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வினோதா